200-500 லென்ஸ் பால் ஹெட்டில் நிற்க மாட்டேங்குது: எட்டாயிரத்துக்குள் என்ன வாங்கலாம்?

நாங்குநேரி நாரை:

அண்ணன்மாருக்கு வணக்கம். கேமரா நிக்கான் டி7200. சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் 200-500 எஃப் 5.6 அமைந்தது. லென்ஸ் காலரோடு (டிரைபாடில் மாட்டுகிற வளையம்) 2.3 கிலோ, பாடி பேட்டரியோடு முக்கால் கிலோ. ஹூடையும், ஹெட்டில் பூட்டுவதற்காக லென்ஸின் அடியில் மாட்டுகிற பிளேட்டையும் சேர்த்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும்.

டிரைபாட் அலுமினியம், மேல் குழாய் 28 மி.மீ. கால்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைதான் தொல்லை. பெட்டியில் '10 கிலோ தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்ட பால் ஹெட், அதாவது ஒரு உருண்டையின் மேல் சாய்ந்து திரும்புகிற ரகம். கம்பெனி பெயர் எதற்கு, விடுங்கள். நாரையின் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்து, குமிழை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் லென்ஸ் மெல்லத் தலைகுனிகிறது. கண்ணில் வைத்தது மார்பில் போய் நிற்கிறது. இதற்கு மேல் முறுக்கினால் குமிழ் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது.

நான் போகிற இடங்களையும் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதி. பெரும்பாலும் கூந்தன்குளம். ஊருக்குள்ளேயே கொல்லை மரங்களில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும், தெருவில் நின்றே எடுக்கலாம். சில ஞாயிறுகளில் திருப்புடைமருதூர். அங்கே கோயிலை ஒட்டிய மரங்கள் நல்ல உயரம், கிட்டத்தட்ட அண்ணாந்து எடுக்க வேண்டும். இந்த ஹெட் அடியோடு கைவிடுவது அங்கேதான். அப்புறம், குளத்து மேல் தாழப் பறக்கிற ஆலாக்களைத் துரத்தி எடுக்கவும் ரொம்ப நாள் ஆசை.

பட்ஜெட் எட்டாயிரம். அதற்கு மேல் போனால் லென்ஸ் எவ்வளவுக்கு வாங்கினேன் என்ற பழைய விசாரணையும் வீட்டில் திரும்பத் தொடங்கும். இதைவிடப் பெரிய பால் ஹெட்டா, லென்ஸை ஒரு கையிலிருந்து தொங்கவிடுகிற சைனா கிம்பலா, வீடியோ ஹெட்டா? டவுனில் ஒரு கடையில் கிம்பல் ஹெட் கேட்டேன். செல்ஃபோனைச் செருகுகிற மோட்டார் குச்சியை எடுத்து வைத்தார்கள்.


கரண்டிவாயன்:

கூந்தன்குளத்துத் தெருவுக்கு ஹெட்டே வேண்டாமே. ஜீன்ஸ் துணியில் ஒரு பீன் பேக் தைக்கச் சொல்லுங்கள், காசு மிச்சம். காம்பவுண்ட் சுவர், கார் கண்ணாடி விளிம்பு, திண்ணை, எங்கே வைத்தாலும் லென்ஸ் அசையாது. உள்ளே மணல் போடாதீர்கள். தையல் வழியாகத் தூள் கசிந்து ஜூம் வளையத்துக்குள் போனால் செலவு வேறு மாதிரி ஆகும். கேழ்வரகு நன்றாக அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முளைகட்டிவிடும். வண்டு வந்தால் வெயிலில் காய வைத்துத் திரும்பக் கட்டலாம்.

ஆலாவுக்கு இது உதவாது, ஒத்துக்கொள்கிறேன்.


உப்பளத்து ஆலா:

தம்பி, பெட்டியில் போட்டிருக்கிற கிலோவை முதலில் மறந்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுமுறை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு அளந்து போட்டுக்கொள்கிறது. பந்துக்கு நேர் மேலே பத்து கிலோவை வைத்தால் உங்கள் ஹெட்டும் தாங்கத்தான் செய்யும். நீங்கள் சாய்க்கிறீர்களே, அங்கேதான் கதை மாறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளேட், காலரின் கால், லென்ஸின் பாதி உடம்பு எல்லாம் சேர்த்து, பந்தின் மையத்திலிருந்து உங்கள் செட்டின் எடை மையம் 14 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை 30 டிகிரி தூக்கினால் அந்த மூன்று கிலோ 7 செ.மீ. பின்னால் தள்ளித் தொங்கும். திருப்புடைமருதூரில் 60 டிகிரி அண்ணாந்தால் 12 செ.மீ. எடை அதே மூன்று கிலோதான், ஆனால் பந்தைத் திருகுகிற பலம் ஏறிக்கொண்டே போகிறது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு வழவழப்பான உருண்டையின் மேல் இருக்கும் உராய்வைத் தவிர வேறெதுவும் அங்கே இல்லை. பெரிய பந்து வாங்கினால் பிடிமானம் கூடும், உண்மை. ஆனால் பூட்டைத் தளர்த்துகிற நொடியில் மொத்த எடையும் உங்கள் கையில் விழும். ஒரு கை எந்நேரமும் லென்ஸைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஆலா அதற்காகக் காத்திருக்காது.

தலைகுனிவது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் சென்சாரில் 500 மி.மீ.யில் படத்தின் மொத்த உயரமே 1.8 டிகிரிதான். கையை எடுத்ததும் அரை டிகிரி இறங்கினால் ஃபிரேமின் கால்வாசிக்கு மேல் போச்சு. 40 மீட்டர் தூரத்து மரத்தில் அது 35 செ.மீ. கண்ணில் வைத்தது மார்புக்கு இறங்கியதன் காரணம் அவ்வளவுதான்.

கிம்பலில் இந்தத் தொல்லையே வேறு விதமாகத் தீர்கிறது. மேலும் கீழும் ஆடுகிற அச்சு, லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடை மையத்தின் வழியாகவே போகும்படி வைத்துவிடுகிறோம். அச்சு மையத்திலேயே இருந்தால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் எடை தள்ளித் தொங்க இடமில்லை. குமிழ் திறந்தே கிடக்கலாம், விட்ட இடத்தில் லென்ஸ் நிற்கும், ஒரு விரலால் தள்ளினால் போகும். அதனால்தான் மலிவான கிம்பல்கூட மூன்று கிலோவுக்குத் தாராளமாகப் போதும் என்று தைரியமாகச் சொல்கிறேன். அது அந்த எடையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை, சுமந்தால் மட்டும் போதும். கிம்பலில் பெயர் போன விம்பர்லி அமெரிக்காவிலேயே பல நூறு டாலர். அதன் வழவழப்பே தனிதான், 600 மி.மீ. எஃப் 4 வைத்திருப்பவர்கள் வாங்கட்டும். நடுவில் பென்ரோ ஜிஹெச்2 இருக்கிறது, அதுவும் உங்கள் பட்ஜெட்டுக்கு மேலேதான். உங்கள் காசுக்கு வருவது பெயர் தெரியாத அலுமினியக் கிம்பல். என்னிடம் இருப்பதும் அந்த ரகம்தான். மரக்காணம் பக்கம் கழுவெளியில் வருடக்கணக்காக அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். உப்புக் காற்று என்பதால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை. அதற்கு மேல் சீராட்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். லென்ஸ் உட்காருகிற தட்டு ஒரு கையிலிருந்து தொங்க வேண்டும், அந்தத் தட்டு மேலும் கீழும் நகர வேண்டும். நகராத மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். லென்ஸைப் பக்கவாட்டில் மாட்டுகிற ரகம் எடை குறைவு, ஆனால் பிடியை முறுக்கி முடிக்கும் வரை மூன்று கிலோவை அந்தரத்தில் தாங்க வேண்டும். பழகியவர்களுக்கு சரி. அடிப்பாகத் திருகு 3/8 அங்குலம். உங்கள் டிரைபாடில் ஹெட்டைக் கழற்றி அங்கே என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். 1/4 இருந்தால் மாற்றுத் திருகு ஒன்று வேண்டும்.

எல்லோரும் மறப்பது பிளேட். 200-500இன் கால், இந்த ஹெட்களில் வருகிற ஆர்க்கா ரகப் பிடியில் நேரடியாக உட்காராது. டாம்ரான் 150-600 ஜி2 வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அதன் காலிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். நீங்கள் 12 முதல் 15 செ.மீ. நீளப் பிளேட் தனியாக வாங்க வேண்டும். கிம்பலோடு தருகிற குட்டிப் பிளேட்டில் முன்னும் பின்னும் தள்ளிச் சமன்படுத்த இடம் பத்தாது. எட்டாயிரத்தில் இதற்கும் ஒதுக்கி வையுங்கள்.


முகூர்த்த கேமரா:

எல்லோரும் கிம்பல் கிம்பல் என்கிறீர்கள். நான் கல்யாண வீடியோக்காரன், வீடியோ ஹெட்டுக்காக ஒரு வார்த்தை பேசாமல் போக மனசில்லை. கூட்டில் உட்கார்ந்திருக்கிற பறவைக்கு ஃபுளூயிட் ஹெட், அதாவது உள்ளே இருக்கிற திரவத்தின் இழுப்பில் சீராகத் திரும்புகிற வீடியோ ஹெட், அருமை. நீளமான தட்டு முன்னும் பின்னும் நகரும், கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினால் வெண்ணெய் மாதிரி போகும். டி7200இல் வீடியோவும் எடுக்கலாமே. தாய் நாரை குஞ்சுக்கு மீன் கக்குவதை எடுத்துப் பாருங்கள், ஃபோட்டோவை மறந்துவிடுவீர்கள். பழைய ஹெட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இந்தக் காசுக்குள் வரும். கல்யாண சீசன் முடிந்ததும் ஆட்கள் விற்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. புதிதாக மலிவு விலையில் 'ஃபுளூயிட்' என்று எழுதி விற்பவற்றில் பலவற்றில் உள்ளே வெறும் கிரீஸ்தான். கடையில் கைப்பிடியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். நகரத் தொடங்கும்போது ஒரு வெட்டு வெட்டினால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள்.


உப்பளத்து ஆலா:

வீடியோ அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் கை தூக்குகிறேன். உட்கார்ந்த பறவைக்கும் வீடியோவுக்கும் அதுதான் ராஜா. ஆனால் அங்கேயும் எடை அச்சுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்தால் விழப் பார்க்கும், விழாமல் தடுப்பது உள்ளே இருக்கிற ஸ்பிரிங். விலை குறைந்த ஹெட்களில் அந்த ஸ்பிரிங் ஒரே எடைக்கு அமைத்ததாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. உங்கள் மூன்று கிலோவுக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம். பொருந்தாவிட்டால், விட்டதும் குனியும் அல்லது தானாக நிமிரும். செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போனால் கேமராவும் லென்ஸும் கையோடு கொண்டு போங்கள். வெறும் ஹெட்டை ஆட்டிப் பார்த்து எதுவும் தெரியாது.

ஆலா மேலிருந்து சடாரென்று தண்ணீருக்குள் விழும்போது அந்தத் திரவ இழுப்பே எதிரி. அதற்கு கிம்பல்தான்.

செகண்ட் ஹேண்ட் தேடுபவர்களுக்கு இன்னொன்று. மான்ஃப்ராட்டோ 393 என்று 'ப' வடிவத்தில் ஒரு பழைய இரும்பாலான மாதிரித் தெரிகிற பிடி இருக்கிறது. பார்க்க முரடு, ஆனால் கிம்பல் தத்துவமேதான். யாராவது பரணிலிருந்து எடுத்து விற்றால் விடாதீர்கள்.


பீளமேடு லேத்:

எட்டாயிரமே எதற்கு என்று கேட்கிற கட்சி நான். எங்கள் பட்டறையில் ஓய்வு நேரத்தில் நானே ஒரு கிம்பல் கடைந்தேன். 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் 'எல்' வடிவக் கை. சாய்கிற அச்சுக்கு இரண்டு 6205 பேரிங், கீழே சுற்றுகிற அச்சுக்கு டேப்பர் ரோலர் 30205 ஒரு ஜோடி எதிரெதிராக. டேப்பர் போட்டதற்குக் காரணம், நட்டை இறுக்கினால் ஆட்டம் அறவே போய்விடும். சாதாரண பால் பேரிங்கில் மயிரிழை ஆட்டம் தங்கிவிடும், 500 மி.மீ.யில் அந்த மயிரிழை மலையாகத் தெரியும். உராய்வுக்கு டெஃப்லான் வாஷர்.

கிம்பல் அருமையாக வந்தது, எடைதான் இரண்டரை கிலோ. காரில் போகிறவனுக்குப் பரவாயில்லை. சொந்தமாக லேத் இல்லாதவர்கள் இதில் இறங்காதீர்கள். வெளியே கொடுத்துக் கடைந்தால் கூலியிலேயே கடைக் கிம்பல் வாங்கிவிடலாம், நாலு தடவை அலையவும் வேண்டாம்.

கடையில் வாங்குகிற தம்பிக்கு: பார்சல் வந்ததும் லென்ஸ் மாட்டாமல் கையின் மேல் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்று சத்தமோ விரலில் ஒரு தட்டோ தெரிந்தால் அடியில் ஆட்டம் இருக்கிறது. இரண்டு பூட்டுகளையும் இறுக்கியும் அந்த ஆட்டம் போகவில்லை என்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். இறுக்கினால் போகிறது, திறந்தால் மட்டும் இருக்கிறது என்றால் அடியில் ஆலன் திருகு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதைக் கொஞ்சம் பிடித்தாலே சரியாகிவிடும். பிடித்த பிறகு சுழற்றிப் பாருங்கள், கரகர என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.


நாங்குநேரி நாரை:

எல்லோருக்கும் நன்றி. பீன் பேக் தைக்கக் கொடுத்தாயிற்று. ஆச்சி கேழ்வரகு எதற்கு என்று கேட்டார்கள், விளக்கியும் நம்பவில்லை.

கிம்பலும் வந்துவிட்டது. அலுமினியம், தொங்கு தட்டு, தட்டு மேலும் கீழும் நகரும். 15 செ.மீ. பிளேட்டும் சேர்த்து பட்ஜெட்டுக்குள் அடங்கியது. லேத் அண்ணன் சொன்னபடி அசைத்துப் பார்த்தேன், பூட்டு திறந்திருக்கும்போது லேசான ஆட்டம் இருந்தது. ஆலன் கீயால் பிடித்ததும் போய்விட்டது.

ஒன்று மட்டும் புரியவில்லை. நேராக வைத்தால் லென்ஸ் அழகாக நிற்கிறது. கொஞ்சம் மேலே தூக்கினால் தானாகவே இன்னும் மேலே போகிறது, கீழே சாய்த்தால் இன்னும் கீழே விழுகிறது. பிளேட்டை முன்னே பின்னே தள்ளிப் பார்த்துவிட்டேன், தீரவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. லென்ஸில் அதிர்வைக் குறைக்கிற விஆர் போட்டிருக்கலாமா, அணைக்க வேண்டுமா? டிரைபாடில் அணைக்கச் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.


உப்பளத்து ஆலா:

தட்டு அளவுக்கு மேலே இருக்கிறது தம்பி. எடை மையம் அச்சுக்கு மேலே நின்றால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கவிழப் பார்க்கும். தட்டை அரை அரை செ.மீ.யாகக் கீழே இறக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் நேர்மாறாக நடக்கும்: எங்கே சாய்த்தாலும் ஊஞ்சல் மாதிரி நேர்மட்டத்துக்கே திரும்பி வரும். இரண்டும் நடக்காத உயரம் ஒன்று நடுவில் உண்டு. கிடைத்ததும் கையின் ஓரத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

முன்பின் சமனை 500 மி.மீ.யில், ஹூடை மாட்டி, பேட்டரியோடு பாருங்கள். உங்கள் லென்ஸ் ஜூம் செய்தால் மூக்கு நீள்கிற ரகம். 200இல் சமன் பார்த்துவிட்டு 500க்குப் போனால் முன்பக்கம் கனத்துவிடும். சோனி 200-600, நிக்கான் ஸெட் 180-600 எல்லாம் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், அவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. நீங்கள் எப்படியும் பெரும்பாலும் 500இல்தான் இருப்பீர்கள். 200க்கு வரும்போது சாய்வுக் குமிழில் லேசாக இழுப்பு வைத்தால் போதும்.

சமன் பார்க்கும்போது ஒரு கை லென்ஸின் அடியிலேயே இருக்கட்டும். குமிழைத் திறந்துவிட்டு இரண்டு கையாலும் பிளேட்டைத் தள்ளப் போனால் லென்ஸ் மூக்கு குத்தி டிரைபாட் காலில் மோதும். பிளேட்டின் இரண்டு நுனியிலும் குட்டித் தடுப்புத் திருகுகள் கொடுத்திருப்பார்கள், அவற்றைக் கட்டாயம் போடுங்கள். பிடி தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி விழாது.

நடுத் தண்டை உயர்த்தாதீர்கள். உயரம் வேண்டுமானால் கால்களை நீட்டுங்கள். அப்புறம் டிரைபாடின் மேல்தட்டு மட்டமாக இருக்கட்டும். சரிந்திருந்தால் பறவையைத் தொடர்ந்து திரும்பும்போது அடிவானமும் சேர்ந்து சாய்ந்துகொண்டே போகும். குளக்கரைச் சரிவில் ஒரு காலை மட்டும் நீட்டிச் சரிசெய்ய வேண்டி வரும், பழகிவிடும்.

விஆர் அணைக்க வேண்டாம். அந்த அறிவுரை ஹெட்டை முழுக்கப் பூட்டி எடுப்பவர்களுக்கு. கிம்பலைத் திறந்து வைத்துக் கையால் ஆட்டுகிறீர்கள், கையின் அதிர்வு உள்ளே வரத்தான் செய்யும். உங்கள் லென்ஸில் நார்மல், ஸ்போர்ட் என்று இரண்டு உண்டு. ஆலாவுக்கு ஸ்போர்ட் போடுங்கள், நீங்கள் திருப்புகிற வேகத்தோடு வியூஃபைண்டரில் படம் மல்லுக்கட்டாது. கூட்டு நாரைக்கு நார்மலே போதும். இடது உள்ளங்கையை லென்ஸ் முதுகில் லேசாக வைத்து அழுத்துங்கள், முகத்தை ஐகப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.


முகூர்த்த கேமரா:

அந்தக் கிம்பலிலேயே வீடியோவும் முயற்சி செய்யுங்கள். இரண்டு குமிழிலும் சமமாக இழுப்பு வைத்து, ஹூடின் நுனியை ஒரே விரலால் நகர்த்துங்கள். அப்போது விஆர் சத்தம் மைக்கில் விழலாம், தனி மைக் இருந்தால் நல்லது.


நாங்குநேரி நாரை:

தட்டை ஒன்றரை செ.மீ. இறக்கினேன், நின்றுவிட்டது. கிம்பலின் குமிழைத் திறந்தே போட்டுவிட்டு டீ குடித்து வந்தேன், அப்படியே இருக்கிறது. கோடும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை திருப்புடைமருதூர் போகிறேன். கோயில் பக்கம் காலை எத்தனை மணிக்கு வெளிச்சம் மரத்தின் கிழக்கு முகத்தில் விழும், யாராவது சமீபத்தில் போயிருந்தால் சொல்லுங்கள்.